நெய்ஸ்மித்தின் அறுபது தோல்விகள்

எங்கள் அலுவலக ஆண்டு விழாவின் வினாடி வினாவில் விளையாட்டுச் சுற்றுக்கு ஒரு கேள்வி வந்தது. அமெரிக்காவின் கேன்சஸ் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணிக்குப் பயிற்சியாளராக இருந்தவர்களில், வெற்றியைவிடத் தோல்வியை அதிகம் கண்ட ஒரே மனிதர் யார்? விடை, ஜேம்ஸ் நெய்ஸ்மித். அந்த ஆட்டத்தையே உண்டாக்கியவர். 55 வெற்றி, 60 தோல்வி. விடையைப் படித்ததும் அரங்கில் சிரிப்பு எழுந்தது. எழத்தான் செய்யும், தான் போட்ட விதியில் தானே தோற்றவன் என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? இந்தத் துணுக்கை நான் முன்பும் பல இடங்களில் படித்ததுண்டு. ஒவ்வொரு முறையும் செருப்புக்குள் புகுந்த மணல்போல ஏதோ ஒன்று உறுத்தும். அவரைக் காப்பாற்ற எழுதப்படும் சமாதானங்களும் எனக்கு உவப்பாக இல்லை. 'அவருக்கு வெற்றி முக்கியமில்லை, பங்கேற்பதுதான் முக்கியம்' என்று பள்ளி விளையாட்டு விழாவின் சிறப்பு விருந்தினர் பேசுவதுபோல எழுதிவிடுகிறார்கள். வேர்த்து விறுவிறுத்து ஆடித் தோற்ற பையனிடம் போய் இதைச் சொல்லிப் பாருங்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ சிக்கிக்கொண்ட ஓர் எண்ணத்தைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

அந்த அறுபதில் கடைசி எட்டுத் தோல்விகள் 1906–07 சீசனில் விழுந்தவை. நெய்ஸ்மித்தின் ஒன்பதாவது சீசன் அது, கடைசிச் சீசனும் அதுதான். அதற்கு முந்தைய ஆண்டு அணி 12 ஆட்டங்களில் வென்று ஏழில் தோற்றிருந்தது. அவர் காலத்தில் அதுவே மிக அதிக வெற்றி. அடுத்த ஆண்டு மீண்டும் பழைய கதை: ஏழு வெற்றி, எட்டுத் தோல்வி.

அந்தக் காலத்து ஆட்டத்தை இன்று யாராவது அப்படியே ஆடிக் காட்டினால் நம்மில் பாதிப்பேர் அதைக் கூடைப்பந்து என்று ஒப்புக்கொள்ள மாட்டோம். ஒவ்வொரு கூடை விழுந்த பிறகும் பந்து நடுவட்டத்துக்குத் திரும்பும். நடுவர் மேலே வீச, இரண்டு அணிகளின் நெட்டையர்களும் எம்பித் தட்டுவார்கள். பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு போனவர் தானே கூடையை நோக்கி எறிவதற்குக் கல்லூரி விதிகளில் அனுமதி கிடையாது. அந்த உரிமை 1908–09 சீசனில்தான் வந்தது. யார் மீது தவறு இழைக்கப்பட்டாலும் தண்ட எறிதலை (ஃப்ரீ த்ரோ) எறிவதற்கு அணியில் கைதேர்ந்த ஒருவரை வைத்துக்கொள்ளலாம். வலையின் அடிப்பக்கம் மூடியே இருக்கும். விழுந்த பந்தைக் கயிறு இழுத்து வெளியே எடுக்க வேண்டும். பந்தோ, தையலிட்டு வார் கட்டிய தோல் பந்து. எந்தப் பக்கம் துள்ளும் என்பது அதற்கே தெரியாது. ஓர் அணி முப்பது புள்ளி எடுத்துவிட்டால் அது பெரிய ஆட்டம்.

கேன்சஸ் அணி ஆடிய இடத்தையும் சொல்ல வேண்டும். லாரன்ஸ் ஊரில், ஸ்னோ ஹால் என்ற இயற்கை அறிவியல் கட்டடத்தின் நிலவறைதான் அவர்களுடைய உள்ளரங்கம். வளையம் இருப்பதோ பத்தடி உயரத்தில். கூரை அதற்கு மேலே கொஞ்சம்தான் இடம் விட்டதால், தரையைத் தாழ்த்தித்தான் ஆட்டத்துக்கு உரியதாக்கினார்கள். பந்து வளைந்து போய் விழ வேண்டிய ஆட்டத்தை அப்படி ஒரு பொந்துக்குள் பழகியவர்கள் வெளியூர் போய் உயரமான கூரையின் கீழ் ஆடும்போது என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். ராபின்சன் உடற்பயிற்சிக் கூடம் திறக்கப்பட்டது 1907இல். நெய்ஸ்மித்தின் அணிக்கு அந்தக் கூடம் வாய்க்கவில்லை.

அந்தச் சீசனின் ஒரு தோல்விக்கு மட்டும் தனி வரலாறு உண்டு. 1907 மார்ச் 11 அன்று கொலம்பியா நகரில் மிசௌரி பல்கலைக்கழகத்திடம் கேன்சஸ் 31–34 என்று தோற்றது. மிசௌரிக்கு அது முதல் சீசன். கூடைப்பந்து அணி என்று ஒன்றை அப்போதுதான் அமைத்திருந்தார்கள். இந்த இரு மாநிலங்களுக்கும் இடையே இருந்தது வெறும் விளையாட்டுப் போட்டி மட்டுமல்ல. 1863இல் மிசௌரிப் பக்கமிருந்து வந்த குவான்ட்ரில் கும்பல் லாரன்ஸ் ஊருக்குள் புகுந்து தீ வைத்து, ஆண்களைத் தேடித் தேடிக் கொன்றது. அதைக் கண்ணால் கண்டவர்கள் 1907இல் அந்த ஊரில் இன்னும் உயிரோடு இருந்தார்கள். அப்படிப்பட்ட எதிராளியிடம், அதுவும் நேற்று ஆடத் தொடங்கிய அணியிடம், மூன்று புள்ளியில் தோற்றுவிட்டு ரயிலேறிய இளைஞர்களுக்குப் 'பங்கேற்பே முக்கியம்' என்பது ஆறுதலாக இருந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

அவர் அங்கே பார்த்த வேலை

நெய்ஸ்மித்தைக் கேன்சஸ் 1898இல் அழைத்தது ஒரு கூடைப்பந்து அணியை உருவாக்க அல்ல. பல்கலைக்கழகத்துக்கு ஒரு வழிபாட்டுத் தலைவர் தேவைப்பட்டார். மாணவர்களின் உடலைப் பேண ஓர் ஆசிரியரும் தேவைப்பட்டார். இறையியல் படித்தவர், உடற்கல்வி கற்பித்தவர், டென்வரில் அப்போதுதான் மருத்துவப் பட்டமும் வாங்கியவர் என்ற மூன்றும் ஓராளிடம் கிடைத்தால் எந்த நிர்வாகம்தான் விடும்? கனடாவின் ஆல்மான்டில் பிறந்து, ஒன்பது வயதுக்குள் தாய் தந்தை இருவரையும் இழந்து, தன் உழைப்பால் மேலே வந்தவர். 1891 டிசம்பரில் ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், குளிர்காலத்தில் உள்ளே அடைபட்டு அலுத்துப்போன ஒரு வகுப்பைச் சமாளிக்க இந்த ஆட்டத்தை அவர் அமைத்த கதை எல்லோருக்கும் தெரியும். அதில் நாம் கவனிக்காமல் விடுவது ஒன்றுண்டு: அது ஒரு வகுப்பறைச் சிக்கலுக்கு ஓர் ஆசிரியர் கண்ட தீர்வு. அந்த வகுப்பில் யார் வென்றார்கள் என்பது அவருக்குப் பொருட்டே அல்ல. சண்டையில்லாமல் பதினெட்டுப் பேரும் ஓடியாடினார்களா என்பதுதான் பொருட்டு.

கேன்சஸிலும் அவர் அதே ஆசிரியராகத்தான் இருந்தார். குத்துச்சண்டை, மல்யுத்தம், வாள்வீச்சு எல்லாம் சொல்லிக்கொடுத்தார். மாணவர்களின் உடல் அளவுகளைக் குறித்துவைத்தார். காலையில் வழிபாடு நடத்தினார். கூடைப்பந்து இவற்றுக்கிடையே ஒரு பகுதி. பல ஆட்டங்களில் அவர் தன் அணியின் பக்கம் உட்காரக்கூட இல்லை. விசிலோடு நடுவில் நின்றார், நடுவராக! தன் பையன்கள் ஆடும் ஆட்டத்துக்குத் தானே நடுவர். இன்றைக்கு இது நடந்தால் எதிரணி மைதானத்தைவிட்டு வெளியேறிவிடும். அவரைத் தேடி இந்த வேலை வந்ததற்குக் காரணம், அவர் எந்தப் பக்கமும் சாய மாட்டார் என்று எதிரணிகளும் நம்பியதே. அந்த நம்பிக்கைக்கு 55–60 கணக்கில் ஒரு பத்தியும் இல்லை.

'வேடிக்கையைக் கேள்'

இனி அந்தச் சிரிப்புக்கு வருகிறேன். ஃபாரெஸ்ட் ஆலன் என்று ஒரு மாணவன். பேஸ்பால் நடுவராக நின்று கத்தும்போது மூடுபனிச் சங்குபோல ஒலித்த குரலால் 'ஃபாக்' என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. நெய்ஸ்மித்தின் அணியில் ஆடியவன். பக்கத்தில் பால்ட்வின் ஊரில் இருக்கும் பேக்கர் பல்கலைக்கழகம் அவனைப் பயிற்சியாளராக வரச் சொல்லிக் கேட்டது. ஆலன் பிற்காலத்தில் திரும்பத் திரும்பச் சொன்ன நினைவு இது: நெய்ஸ்மித் அவனைப் பார்த்து, 'வேடிக்கையைக் கேள், பேக்கரில் உன்னைக் கூடைப்பந்துப் பயிற்சியாளராகக் கேட்கிறார்கள்' என்றார். அதில் என்ன வேடிக்கை என்று ஆலன் கேட்க, 'கூடைப்பந்துக்கு யாராவது பயிற்சி கொடுப்பார்களா? அதை ஆட வேண்டியதுதானே!' என்றார்.

இதைச் சொன்னவர் ஆலன் என்பதை மறக்காமல்தான் படிக்க வேண்டும். வென்றவர் சொல்லும் கதைகளில் தோற்றவருக்கு எப்போதும் கொஞ்சம் அசட்டுக்களை வந்துவிடும். ஆனாலும் அது நெய்ஸ்மித்தின் குரல்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் கிண்டல் செய்யவில்லை. உண்மையிலேயே அவருக்கு அது வேடிக்கையாக இருந்திருக்கிறது. விதிகளைச் சொல்லிக்கொடுக்கலாம், பந்தைப் பிடிக்கக் காட்டிக்கொடுக்கலாம். அதற்கப்புறம் ஆடுகிறவன் தன் அறிவைக் கொண்டு ஆட வேண்டும். வெளியே நிற்கும் ஒருவன் உள்ளே ஆடும் ஐந்து பேரின் மூளையாக இருப்பது அவருக்குக் கற்பனைக்கே எட்டாத விஷயம். ஆலனுக்கோ அது பட்டப்பகல்போலத் தெரிந்தது. எந்தக் காலை எங்கே வைப்பது, எதிரி வரும் வழியை எங்கே அடைப்பது, பந்து கையைவிட்டுப் போனதும் எங்கே ஓடுவது, இவை எல்லாவற்றையும் சொல்லிக்கொடுக்க முடியும், பழக்க முடியும், பழக்கினால் வெல்ல முடியும்.

இதற்கு 1906–07 சீசனைவிடத் தெளிவான சோதனையை யாரும் திட்டமிட்டு நடத்தியிருக்க முடியாது. இருபது கிலோமீட்டர் சொச்சம் தூரத்தில் இரண்டு கல்லூரிகள். ஒரே குளிர்காலம், ஒரே விதிப் புத்தகம். லாரன்ஸில் ஆட்டத்தைக் கண்டுபிடித்த 45 வயது ஆசான்: ஏழு வெற்றி, எட்டுத் தோல்வி. பால்ட்வினில் 21 வயது மாணவன்: பதினான்கு ஆட்டம், பதினான்கு வெற்றி. அந்தச் சீசன் முடிந்ததும் நெய்ஸ்மித் அணியை ஆலனிடம் விட்டுவிட்டார். ஆலனின் முதல் சீசனில் கேன்சஸ் 18–6; இரண்டாவதில் 25–3. இரண்டு முறையும் மிசௌரி பள்ளத்தாக்குக் கல்லூரிகள் கூட்டமைப்பின் சாம்பியன். கல்லூரியும் மாணவர்களும் அதே. கூரை மட்டும் உயர்ந்திருந்தது, வெளியே நின்று சொல்லிக்கொடுக்க ஒரு மனிதர் வந்திருந்தார்.

இந்தப் புள்ளியில் நின்று நெடுநேரம் யோசித்திருக்கிறேன். நெய்ஸ்மித் அப்போது என்ன நினைத்தார்? அவர் ஊரைவிட்டுப் போகவில்லை, கோபித்துக்கொள்ளவில்லை, அதே பல்கலைக்கழகத்தில் இன்னும் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தார். தன் கண் முன்னால் தன் ஆட்டம் வேறொன்றாக மாறுவதை, தன் மாணவனே மாற்றுவதை, பார்த்துக்கொண்டிருந்தார். பொறாமைப்பட்டிருந்தால்கூட எனக்குப் புரிந்திருக்கும்.

நான் ஆலன் கட்சியாக இருந்த காலம்

எனக்கு இதில் ஒரு சொந்தக் கணக்கு உண்டு. நான் படித்த கல்லூரி அணிக்கு ஒரு பி.டி. சார் இருந்தார். நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் படித்தவர். ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்று வந்த ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் தொடங்கிய அதே கல்லூரி. ஆக, நெய்ஸ்மித்தின் பள்ளிக்கூடத்து வாசனை எங்கள் சிமெண்ட் தரை மைதானம்வரை வந்து சேர்ந்திருந்தது என்று சொல்லலாம். மாலை நான்கரைக்குப் பந்தை எடுத்துக் கையில் கொடுப்பார், விசிலை ஊதுவார், ஆடச் சொல்வார். யாராவது காலை இடறிவிட்டால் மட்டும் அவர் குரல் கேட்கும். 'எப்படி ஆட வேண்டும் சார்?' என்று கேட்டால், 'ஆடித்தான்!' என்பார். பெரிய நகைச்சுவை என்று அவருக்கு நினைப்பு. மண்டலப் போட்டியில் எங்களை வென்ற கல்லூரிக்குத் தனிப் பயிற்சியாளர் இருந்தார்; இடைவேளையில் ஒரு பலகையில் வட்டமும் அம்புக்குறியும் போட்டு அவர்களுக்கு விளக்கினார். நாங்கள் எலுமிச்சம்பழச் சாறு குடித்துக்கொண்டு அதை வேடிக்கை பார்த்தோம். அந்தப் பலகைமீது எனக்கு ஏற்பட்ட ஏக்கம் இன்றும் நினைவிருக்கிறது. எங்களைவிட அவர்கள் திறமைசாலிகள் இல்லை என்று இப்போதும் நம்புகிறேன். அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டது, எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்படவில்லை.

ஆகவே நெய்ஸ்மித்தின் 'ஆட வேண்டியதுதானே' என்ற வாக்கியத்தைப் படிக்கும்போது எனக்குப் புன்னகை வருவதில்லை. மிசௌரியிடம் தோற்றவர்கள் பக்கம்தான் மனம் போகிறது. ஓர் ஆசான், தெரிந்ததைச் சொல்லாமல் விடுவதற்குத் தத்துவம் பேசினாலும் அது சொல்லாமல் விட்டதுதானே? ஆனால் அங்கேயே நின்றுவிடவும் முடியவில்லை. எங்கள் பி.டி. சாரின் மைதானத்தில் அணியில் இல்லாத நாற்பது பேரும் தினமும் ஆடினார்கள். பலகை வைத்திருந்த கல்லூரியில் பன்னிரண்டு பேருக்கு மட்டும்தான் உள்ளே அனுமதி. மற்றவர்கள் கம்பி வேலிக்கு வெளியே. இதை நான் பிற்பாடு அங்கே படித்த நண்பன் சொல்லித்தான் அறிந்தேன்.

கணக்குப் புத்தகத்தின் பிழை

55–60 என்ற கணக்கில் எனக்குப் பெரிய முரண் ஒன்று தெரிகிறது. ஆட்டம் நடக்கும்போது வெளியிலிருந்து யாரும் அணிக்கு யோசனை சொல்லக் கூடாது என்று 1910–11இல் கல்லூரி விதிப் புத்தகத்திலேயே எழுதினார்கள்; முதல் முறை எச்சரிக்கை, அப்புறம் எதிரணிக்குத் தண்ட எறிதல். இடைநிறுத்த நேரத்தில் பயிற்சியாளர் தன் ஆட்டக்காரர்களோடு பேசலாம் என்ற அனுமதி 1948–49 சீசனில்தான் வந்தது. அதாவது நெய்ஸ்மித் நினைத்த கூடைப்பந்தில், ஆட்டம் தொடங்கிவிட்டால் பயிற்சியாளருக்கு வேலையே இல்லை. பல பத்தாண்டுகள் விதிப் புத்தகமும் அவர் பக்கம்தான் இருந்தது. வெற்றி தோல்வியைப் பயிற்சியாளர் பெயரில் எழுதும் பழக்கம் ஆலனைப் போன்றவர்கள் வென்ற பிறகு வேரூன்றியது. கல்லூரிப் பயிற்சியாளர்களுக்கென்று தேசியச் சங்கம் 1927இல் உருவாக முன்னின்றவரும் ஆலன்தான். அவர்கள் உண்டாக்கிய பத்தியைப் பின்னோக்கி நீட்டி, அந்தப் பத்தியே இல்லாத காலத்து மனிதரை அதில் உட்காரவைத்து, 'பார், தோற்றுவிட்டார்' என்கிறோம். அந்தச் சங்கம் பிறந்த கதையிலும் ஒரு சுவை இருக்கிறது. பந்தை ஒரு முறைக்கு மேல் தரையில் தட்டக் கூடாது என்று விதிக்குழு முடிவெடுத்தபோது எதிர்த்துக் கிளம்பிய கூட்டம் அது. அந்த விஷயத்தில் நெய்ஸ்மித்தும் ஆலன் பக்கமே; பந்தைத் தட்டிச் செல்வது இந்த ஆட்டத்தின் அழகான பகுதிகளில் ஒன்று என்பது அவர் எண்ணம்.

நெய்ஸ்மித் எல்லாவற்றிலும் சரி என்று சொல்ல வரவில்லை. ஒவ்வொரு கூடைக்குப் பிறகும் பந்தை நடுவட்டத்துக்குக் கொண்டுபோகும் வழக்கத்தை 1937இல் கைவிட்டபோது அவருக்கு அது பிடிக்கவில்லை. பிடித்திருக்க வேண்டும், இன்றைய ஆட்டத்தின் வேகமே அதன் பிறகு வந்ததுதான். ஆலனின் பிழைகளும் குறைவில்லை. வளையத்தைப் பன்னிரண்டடிக்கு உயர்த்த வேண்டும் என்று வாழ்நாள் முழுக்க மல்லுக்கு நின்றவர் அவர். ஆனாலும் இருவருக்கும் நடுவில் கசப்பு இருந்ததாகத் தெரியவில்லை. 1936இல் கூடைப்பந்து முதன்முறையாக ஒலிம்பிக் பதக்க ஆட்டமானபோது, பெர்லின் போகக் காசில்லாத கிழவருக்காக நாடு முழுக்க நிதி திரட்டும் வேலையைத் தொடங்கிவைத்தவர் ஆலன். அங்கே களிமண் தரையில், கொட்டும் மழையில், அமெரிக்கா 19–8 என்று கனடாவை வென்றதை நெய்ஸ்மித் பார்த்தார். பிறந்த நாட்டுக்கும் குடியேறிய நாட்டுக்கும் நடந்த போட்டி.

அதே 1936இல் கேன்சஸ் பல்கலைக்கழகத்திலிருந்து ஜான் மெக்லெண்டன் என்ற கறுப்பின மாணவர் பட்டம் பெற்று வெளியேறினார். ஆலனின் அணியில் அவர் ஆடியதில்லை. கறுப்பர்களுக்கு அந்த அணியில் இடமில்லை, அந்தக் கதவு திறக்க 1951 ஆயிற்று. தந்தை சொன்னார் என்பதற்காக முதல் நாளே நெய்ஸ்மித்தின் அறைக்குப் போய், 'நீங்கள்தான் எனக்கு ஆலோசகர்' என்று நின்றவர் மெக்லெண்டன். கிழவர் உள்ளே வரச் சொன்னார். பள்ளிகளில் கற்பிக்கும் பயிற்சியை அவருக்கு ஏற்பாடு செய்தார். ஆட்டத்தை மைதானம் முழுவதும் பரவி ஆட வேண்டும் என்ற எண்ணத்தை அவருக்குள் போட்டார். நிறப்பிரிவினைச் சட்டம் இருந்த வட கரோலினாவில் 1944ஆம் ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, மற்றவர்கள் தேவாலயத்தில் இருந்த நேரத்தில், கதவைப் பூட்டிவைத்துக்கொண்டு டியூக் மருத்துவக் கல்லூரியின் வெள்ளையர் அணியை மெக்லெண்டன் பயிற்சி கொடுத்த கறுப்பர் கல்லூரி அணி 88–44 என்று வென்றது. பிறகு டென்னசியில் 1957 முதல் 1959 வரை தொடர்ந்து மூன்று தேசியப் பட்டங்கள். பயிற்சியாளரே தேவையில்லை என்று சிரித்தவர் வளர்த்துவிட்ட பயிற்சியாளர் இவர்.

ஸ்பிரிங்ஃபீல்டில் இருக்கும் கூடைப்பந்துப் புகழவைக்கு (ஹால் ஆஃப் ஃபேம்) நெய்ஸ்மித்தின் பெயரே வைத்திருக்கிறார்கள். 1959இல் அது தொடங்கியபோது ஆலனைப் பயிற்சியாளராகச் சேர்த்தார்கள். நெய்ஸ்மித்தைப் பங்களிப்பாளராகச் சேர்த்தார்கள். மெக்லெண்டனை 1979இல் பங்களிப்பாளர் என்று சேர்த்துவிட்டு, அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து 2016இல் பயிற்சியாளராகவும் இன்னொரு முறை சேர்த்தார்கள்.